ரிங் ரோட்டில் அறுந்த பெல்ட்

டில்லி ரிங் ரோட்டில், மூல்சந்த் மேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது வண்டியின் முன்பக்கத்தில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. ஈரத் துணியை உதறும்போது வருமே, அந்த மாதிரி. அடுத்த நொடி ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. பெல்ட் அறுந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இருபது நாளுக்குள் இது இரண்டாவது முறை.

ஜூன் மாதம், காலை ஆறரை மணி. அப்போதே வெயில் கண்ணைக் குத்தியது. என் பிக்கப் வண்டியின் பின்பகுதியில் வெளுத்து மடித்த படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக இருந்தன. கரோல் பாக்கில் ஆறு சின்ன ஹோட்டல்களுக்கு அவை போய்ச் சேர வேண்டும். சரக்கு வண்டிகளுக்கு நோ என்ட்ரி தொடங்குவதற்குள் அந்தப் பக்கம் போய்விடலாம் என்று ஓக்லாவிலிருந்து கிளம்பியிருந்தேன்.

பெல்ட் இல்லாமல் எஞ்சின் கொஞ்ச தூரம் ஓடும். ஆனால் தண்ணீர் பம்ப் சுற்றாது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, ஸ்டியரிங்கை நம் தோளால்தான் திருப்ப வேண்டும். சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறும்போதெல்லாம் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினேன். இரண்டு முறை அப்படி நிறுத்தி, எங்கள் அரசாங்கக் குடியிருப்புக்கு வெளியே இருக்கும் சர்வீஸ் லேன் வரை வந்து சேர்ந்தேன். இறங்கியபோது ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிய தோள்கள் கடுத்தன.

என் கணவர் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டில்லிக்கு வந்தபோது சரோஜினி நகரில் இரண்டு அறை வீடு. பதவி உயர உயர வீடும் மாறி, இப்போது இந்த அடுக்குமாடி. மகள் கல்லூரிக்குப் போன பிறகு, ஓக்லாவில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, ஹோட்டல் துணிகளை வெளுக்கும் தொழிலைத் தொடங்கினேன். இரண்டு பெரிய வாஷிங் மெஷின், தண்ணீர் பிழியும் மெஷின் ஒன்று, என்னோடு சேர்த்து நான்கு பெண்கள். வண்டிக்கு முதலில் டிரைவர் வைத்திருந்தேன். பீகாரிகளின் சட் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டாவதாக வந்தவர் தன் இஷ்டத்துக்கு வண்டியை எங்கெங்கோ கொண்டுபோனார். அவரை அனுப்பிவிட்டு, நாற்பத்துநான்கு வயதில் நானே லைசென்ஸ் எடுத்தேன்.

அது குடியிருப்பில் பலருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் என்னை 'டெம்போ ஆன்ட்டி' என்று கூப்பிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு தமிழ் வீடுகள், நான் வண்டி ஓட்டத் தொடங்கிய வருடத்திலிருந்து கூப்பிடவில்லை. என் கணவர் அலுவலகத்தில் 'மனைவி சின்னதா பிசினஸ் பண்றாங்க' என்று மட்டும் சொல்வார். வண்டியைப் பற்றி மூச்சு விட மாட்டார்.

மூட்டைகளை ஒரு வாடகை டெம்போவில் ஏற்றி, ஷெட்டிலிருந்து ஒருத்தியை வரச்சொல்லி அவளோடு அனுப்பிவைத்தேன். எட்டு மணிக்கு கோட்லாவிலிருந்து மெக்கானிக் வந்தார். முதல் முறை பெல்ட் மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஆபீசுக்குக் கிளம்பி என் கணவரும் கீழே வந்திருந்தார்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி ஒரு நிமிடம் பார்த்தார். அறுந்த பெல்ட் உள்ளே சுருண்டு கிடந்தது. அதை வெளியே எடுக்கக்கூட இல்லை.

"சார், பெல்ட் சும்மா அறுந்துபோகாது. எஞ்சின் உள்ளே ஜாம் ஆகுது. கழற்றித்தான் பார்க்கணும். நாலு நாள் ஆகும்" என்றார் ஹிந்தியில், என் கணவரிடம்.

"பையா, எந்தப் புல்லி ஜாம் ஆகுது?" என்று கேட்டேன். ஹிந்தியில் அண்ணனைப் பையா என்பார்கள்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "சார், மேடமுக்கு நீங்க எடுத்துச் சொல்லுங்க. இது துணி துவைக்கிற மெஷின் இல்லை."

என் கணவர் தலையாட்டினார். மெக்கானிக் சொன்னது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தத் தலையாட்டல்தான் உறைத்தது.

"வண்டியை விட்டுட்டுப் போங்க, பையா. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

மெக்கானிக் சிரித்துவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிப் போனார். என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு நாளைக்கு வாடகை வண்டி வச்சுக்கிட்டா என்ன குறைஞ்சு போகுது? ஏன் இந்தப் பிடிவாதம்?"

"போன தடவை அவர் மாட்டுறப்ப நான் பக்கத்துலயே நின்னேங்க. ஒரு புல்லியைக்கூடக் கையால சுத்திப் பார்க்கல. அறுந்ததைக் கழட்டினாரு, புதுசை மாட்டினாரு, அவ்வளவுதான். ஏன் அறுந்துச்சுன்னு கேட்கவே இல்ல."

"உனக்கு என்ன தெரியும் இதுல?"

"துணி துவைக்கிற மெஷின் தெரியும்" என்றேன்.

அவர் ஆபீசுக்குப் போய்விட்டார்.

நான் கோபத்தில் சொன்னது போல இருந்தாலும் அது உண்மை. என் ஷெட்டில் இருக்கும் தண்ணீர் பிழியும் மெஷினும் பெல்ட்டில்தான் ஓடுகிறது. ஆறு வருடத்தில் அதற்கு எத்தனை பெல்ட் மாற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. தொடக்கத்தில் ஒரு ஆளைக் கூப்பிடுவேன். அவர் வருவதற்குள் ஈரத் துணி நாற ஆரம்பித்துவிடும். பிறகு நானே மாற்றக் கற்றுக்கொண்டேன். பெல்ட் அடிக்கடி அறுந்தால் குற்றம் பெல்ட்டில் இருக்காது, அது சுற்றிவரும் சக்கரங்களில், அதாவது புல்லிகளில், ஒன்றில் இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று பெல்ட்டுகளை வீணாக்கிய பிறகு தெரிந்தது.

வீட்டுக்குப் போய்ப் பழைய சல்வாரை மாட்டிக்கொண்டு, டார்ச்சும் ஸ்பேனர் பெட்டியும் எடுத்து வந்தேன். எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே குனிந்தேன்.

முதலில் அறுந்த பெல்ட்டை வெளியே இழுத்தேன். புதிதாக மாட்டிய பெல்ட். ஆனால் அதன் ஒரு ஓரம் மட்டும் நார் நாராகப் பிய்ந்திருந்தது. மறு ஓரம் கடையில் வாங்கியது போல அப்படியே இருந்தது. அப்படியென்றால் ஏதோ ஒன்று பெல்ட்டை நேராக ஓட விடாமல் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சினின் கீழ் மூலையில், ஒரே ஒரு இடத்தில், கறுப்பு ரப்பர்த் தூள் விசிறி போலத் தெறித்து ஒட்டியிருந்தது.

பிறகு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வழுக்கிக்கொண்டு சுற்றியது. தண்ணீர் பம்ப்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன், ஆடவில்லை. ஸ்டியரிங் பம்ப் கொஞ்சம் கனமாக, ஆனால் சீராகச் சுற்றியது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் திடமாக இருந்தது. கடைசியில் அந்தத் தூள் தெறித்திருந்த இடம். அங்கே ஒரு சின்னப் புல்லி, ஐட்லர் என்பார்கள். அது எதையும் ஓட்டுவதில்லை, பெல்ட்டுக்கு வழிகாட்டுவது மட்டுமே அதன் வேலை. அதில் விரலை வைத்துச் சுற்றினேன். உள்ளே மணலைப் போட்டு அரைப்பது போலக் கரகரத்தது. பாதி சுற்றில் நின்றது. பிடித்து அசைத்தபோது ஆடும் பல் போல ஆடியது.

அதற்குள் இருந்து அதைச் சுழலவிடும் பேரிங் கெட்டுப்போயிருந்தது. எஞ்சினில் ஒன்றும் ஜாம் ஆகவில்லை. உள்ளங்கை அகலமுள்ள ஒரு புல்லி, அவ்வளவுதான். நான் பானெட்டுக்கு அடியில் நின்றபடியே சிரித்துவிட்டேன். உடனே கோபமும் வந்தது. நாலு நாள், எஞ்சினைக் கழற்றுவது, சார் நீங்க எடுத்துச் சொல்லுங்க.

அந்தப் புல்லியை ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருந்தது. துருவேறி அசைய மறுத்தது. துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊறவைத்து, ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி, மொத்த உடம்பையும் அதன்மேல் சாய்த்தேன். இரண்டு முறை ஸ்பேனர் நழுவி விரல் முட்டியைச் சிராய்த்தது. மூன்றாவது முறை 'கிர்ர்' என்று முனகிக் கழன்றது.

நிமிர்ந்தபோது குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். அவரும் தமிழர்தான், கும்பகோணத்துக்காரர், வேறொரு துறையில் அதிகாரி. கையில் போன். என் படம் ஏற்கெனவே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஏறியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

"மேடம், என்னது இது? ரோட்லே வொர்க்‌ஷாப் போட்டுட்டேள். இது ரெசிடென்ஷியல் ஏரியா."

"பெல்ட் அறுந்துருச்சு சார். மாட்டிட்டு எடுத்துருவேன்."

"ஒரு செக்‌ஷன் ஆபீசர் வீட்டு லேடி, க்ரீஸைப் பூசிண்டு இப்படி நிக்கறது நன்னாவா இருக்கு? நாலு பேர் வாக்கிங் போறா."

"அவங்க பாட்டுக்குப் போகட்டும் சார். நான் யாரையும் நிறுத்தலையே."

அவர் குரல் மாறியது. "பாருங்கோ. நானும் எத்தனையோ தடவை உங்க சார்கிட்ட சொல்லியாச்சு. கமர்ஷியல் வண்டி இங்கே நிக்கக் கூடாது. குவார்ட்டர்ஸை வெச்சுண்டு வியாபாரம் பண்றதா ஒரு லெட்டர் போட்டா அலாட்மென்ட்டே போயிடும், தெரியுமோல்லியோ? இப்போ க்ரேனுக்கு போன் பண்ணப்போறேன். மத்தியானத்துக்குள்ளே தூக்கிண்டு போயிடுவான்."

வீடு போய்விடும் என்றதும் பயம் வந்ததை மறைக்க மாட்டேன். மகளின் மேல்படிப்பு இன்னும் முடியவில்லை. டில்லியில் வெளியே வாடகைக்கு வீடு எடுத்து நாங்கள் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் என் ஷெட் ஓக்லாவில் இருந்தது. வீட்டுக்குள் ஒரு தலையணை உறையைக்கூட நான் வெளுத்ததில்லை.

"போன் பண்ணுங்க சார். இந்த லேன் சங்கத்தோடது இல்ல, பொது ரோடு. நான் வியாபாரம் பண்ற இடம் ஓக்லால இருக்கு, வந்து பாருங்க. லெட்டர் போடறதா இருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க" என்றேன்.

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே நடந்து போனார். நான் வண்டியைப் பூட்டினேன். பழைய பெல்ட்டையும் கெட்ட புல்லியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்துக்கு வேகமாக நடந்தேன். உடை மாற்றப் போகவில்லை. பெண்கள் பெட்டியில் என் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இடம் தாராளமாகக் கிடைத்தது.

கஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. மூன்று கடைகளில் என் கையிலிருந்த புல்லியைப் பார்த்தவுடன் இல்லை என்றார்கள். நான்காவது கடையில் ஒரு சர்தார்ஜி அதை வாங்கித் தன் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார்.

"பேரிங் முடிஞ்சுபோச்சு. மிஸ்திரியை அனுப்பியிருக்கலாமே?" என்றார்.

"மிஸ்திரி எஞ்சினைக் கழற்றணும்னு சொன்னார். அதனால நானே வந்தேன்."

"யார் மாட்டப்போறது?"

"நான்தான்."

"அச்சா" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்று காலையிலிருந்து நான் சந்தித்த ஆண்களில், என் பதிலை அப்படியே எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவர்.

இரண்டு புல்லிகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுற்றினேன். ஒன்றில் மெலிதாக ஒரு உரசல் கேட்டது. மற்றொன்றில் சத்தமே இல்லை. சத்தமில்லாததை எடுத்துக்கொண்டேன். பழைய பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருந்த எண்ணை அவர் படித்து, அதே எண்ணுள்ள புதியதை எடுத்தார். பள்ளங்களை எண்ணிச் சரிபார்த்தேன். "மடக்கிப் பையில் திணிக்காதீங்க, உள்ளே நூல் முறிஞ்சிடும்" என்றார். அதனால் பெல்ட்டைத் தோளில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு திரும்பினேன். மெட்ரோ வாசலில் சோதனை செய்த பெண் அதைத் தொட்டுப் பார்த்து, "யே க்யா ஹை?" என்று கேட்டாள். வண்டியின் பெல்ட் என்றேன். "ஆப்கீ காடி?" என்றாள். ஆமாம், என் வண்டிதான் என்றேன். தலையை அசைத்து வழிவிட்டாள்.

திரும்பி வந்தபோது பன்னிரண்டே கால். வண்டி அதே இடத்தில் நின்றது. முன்கண்ணாடியில் மட்டும், வண்டியை உடனே அப்புறப்படுத்தும்படி ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்து, கையைத் துடைத்துக்கொண்டேன். மெல்லிய காகிதம், க்ரீஸ் போகவில்லை.

புதுப் புல்லியைப் பொருத்திப் போல்ட்டை இறுக்குவது சுலபமாக இருந்தது. பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலே, எதற்குக் கீழே போக வேண்டும் என்பதுதான் குழப்பம். பானெட்டுக்கு உள்ளே ஒட்டியிருந்த வரைபடம் பாதி கிழிந்துபோயிருந்தது. நல்லவேளையாகப் போன முறை மெக்கானிக் மாட்டி முடித்ததும் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்து, விரலால் வழியைத் தொடர்ந்து, ஒவ்வொரு புல்லியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். கடைசிப் புல்லியில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு கையால், குழாய் செருகிய ஸ்பேனரால் டென்ஷனரை நெம்பிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெல்ட்டை ஏற்ற வேண்டும். என் கை எட்டவில்லை. எட்டினால் பலம் போதவில்லை. நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் பெல்ட் நழுவி உள்ளே விழுந்தது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

ஐந்தாவது முறை முயலும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. என் கணவர் இறங்கினார். செயலாளர் அவருக்கு போன் செய்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"உனக்குக் கொஞ்சமாச்சும் அடங்கிப் போகணும்னு தோணாதா? அலாட்மென்ட் விஷயத்தை எல்லாம் பேசுறார் அந்த ஆளு. எனக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"இங்க பாருங்க." கெட்ட புல்லியைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "சுத்திப் பாருங்க."

அவர் வேண்டாவெறுப்பாகச் சுற்றினார். அது கரகரத்து நின்றது. இன்னொரு முறை சுற்றினார்.

"இதுதானா?"

"இதுதான். இதுக்குத்தான் எஞ்சினைக் கழட்டணும்னு சொன்னாரு. நீங்க தலையாட்டினீங்க."

அவர் புல்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் லேன் முனையில் க்ரேன் திரும்பியது. அதன் பின்னால் செயலாளர் நடந்து வந்தார்.

"அடங்கிப் போகச் சொல்றதை அப்புறம் சொல்லுங்க. இந்தக் குழாயைப் பிடிச்சு உங்க பக்கமா இழுங்க. நான் சொல்றவரைக்கும் விடாதீங்க" என்றேன்.

அவர் வெள்ளைச் சட்டையோடு பானெட்டுக்குள் குனிந்தார். குழாயைப் பிடித்து இழுத்தார். டென்ஷனர் முனகிக்கொண்டு விலகியது. நான் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிப் புல்லியின் மேல் தள்ளினேன். பாதி ஏறியது.

"இன்னும் கொஞ்சம்."

"முடியலடி."

"முடியும். இழுங்க."

ஏறி உட்கார்ந்தது. மெதுவாக விடச் சொன்னேன். பெல்ட் விண்ணென்று இறுகியது. எல்லாப் புல்லிகளிலும் பள்ளத்துக்குப் பள்ளம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்து ஒருமுறை பார்த்தேன்.

க்ரேன் ஓட்டுநர் இறங்கி வந்தார். "மேடம், தூக்கணும்."

"பையா, ரெண்டு நிமிஷம். ஸ்டார்ட் ஆகலைன்னா தூக்கிக்கோங்க, ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவர் செயலாளரைப் பார்த்தார், பிறகு உள்ளே புதுப் பெல்ட்டைப் பார்த்தார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு க்ரேனின் நிழலில் போய் உட்கார்ந்தார். நான் பேட்டரி முனையை மாட்டி, ரேடியேட்டரில் குறைந்திருந்த அளவுக்கு நீரூற்றி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பலிலேயே பிடித்தது. பேட்டரி விளக்கு அணைந்தது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தேன், திரும்பியது. இறங்கிப் போய் ஐட்லரைப் பார்த்தேன். பெல்ட் அதன் நடுவில் கோடு கிழித்தது போல நேராக ஓடிக்கொண்டிருந்தது.

"சலோ, ஹோ கயா," சரி, முடிந்தது என்று சொல்லி க்ரேன் ஓட்டுநர் எழுந்து போனார்.

செயலாளர் மட்டும் நின்றார். "இன்னிக்கு எடுத்துட்டேள், சரி. நாளைக்கு மறுபடி இங்கேதானே நிறுத்துவேள்?"

"ஆமா சார், இங்கேதான் நிறுத்துவேன்" என்றேன்.

என் கணவர் சட்டையின் வயிற்றுப் பகுதியில் கறுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. மாற்றிக்கொண்டு போங்கள் என்றேன். நேரமில்லை என்று அப்படியே ஆபீசுக்குப் போய்விட்டார். அன்று அங்கே யாராவது கேட்டார்களா, கேட்டதற்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. வெளுக்கும் தொழிலில் இருந்தும் அந்தக் கோட்டை என்னால் எடுக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மூட்டைகளோடு கிளம்பினேன். மேம்பால இறக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டே போனேன். ஒன்றும் நடக்கவில்லை.

செயலாளர் சொன்னபடியே புகார்க் கடிதம் எழுதினார். ஒன்றரை மாதம் கழித்து என் கணவரிடம் அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். அவர் இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஷெட்டின் வாடகை ஒப்பந்தம், மின்சார ரசீது, வண்டியின் பதிவுப் புத்தகம், என் லைசென்ஸ் எல்லாவற்றையும் நகலெடுத்து வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அரசாங்க ஆங்கிலத்தில் அவர் பதிலை எழுதினார். எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். குடியிருப்பில் எந்த வியாபாரமும் நடக்கவில்லை. தொழில் நடக்கும் இடத்துக்கான ஆவணங்கள் இணைக்கப்பட்டுள்ளன. வாகனம் பொதுச் சாலையில் நிறுத்தப்படுகிறது. அதன் உரிமையாளரும் ஓட்டுநரும் என் மனைவி.

அந்த வரியைச் சொல்லும்போது அவர் குரல் தடுமாறவில்லை. கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில், குடியிருப்போருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார்.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு மரியாதைக்குத்தான். எல்லா லெட்டர்லயும் போடறதுதானே."

"நாம எதுக்கும் வருத்தப்படலையே."

அவர் அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். நான் அந்த வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தேன். பதில் அது இல்லாமலே போனது. அதற்குப் பிறகு எந்தக் கடிதமும் வரவில்லை.